ஐவர் வாரியம்: வடக்கு மாகாண சபையின் உறுப்பினரும் அமைச்சரும் (2013–2018)

ஒரு சட்டமன்றத்தின் வரலாற்றை அது நிறைவேற்றிய தீர்மானங்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். ஆயின் அம்மன்றத்தில் யார் அமர்ந்தனர், அவருள் யார் அமைச்சராயினர், அமைச்சராக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாது அத்தீர்மானங்களின் பெறுமதியை மதிப்பிடல் இயலாது. 2013 முதல் 2018 வரை இயங்கிய வடக்கு மாகாண சபையை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாகத் தோன்றியவை. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டு 1988இல் ஒரே சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அவ்விணைப்பு செல்லாது என உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2007 முதல் இரு மாகாணங்களும் வேறாயின. எனவே, 2013 செப்டெம்பர் 21இல் நடைபெற்ற தேர்தலே வடக்கிற்கெனத் தனியே நடத்தப்பட்ட முதலாவது மாகாண சபைத் தேர்தலாகும்.

சபையின் ஆசனங்கள் 38. அவற்றுள் 36 மாவட்ட அடிப்படையில் பங்கிடப்பட்டவை: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. எஞ்சிய இரண்டும் முதலிடம் பெறும் கட்சிக்குரிய போனஸ் ஆசனங்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 78 வீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, போனஸ் ஆசனங்கள் உட்பட 30 ஆசனங்களைக் கைப்பற்றியது. ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 7 ஆசனங்களும் சிறீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைத்தன. கூட்டமைப்பு தன் போனஸ் ஆசனங்களுள் ஒன்றை முஸ்லிம் ஒருவருக்கு வழங்கியது. மற்றையதை உறுப்புக் கட்சிகளிடையே சுழற்சி முறையில் பகிர்ந்தது. விருப்பு வாக்குகளில் சி. வி. விக்னேஸ்வரன் 1,32,255 பெற்று முதலிடத்திலும், அனந்தி சசிதரன் 87,870 பெற்று இரண்டாமிடத்திலும் நின்றனர்.

உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசரான விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2013 ஒக்டோபர் 25இல் சபை கைதடியில் முதன்முறையாகக் கூடியது. சி. வீ. கே. சிவஞானம் அவைத் தலைவரானார்; முல்லைத்தீவைச் சேர்ந்த அன்ரனி ஜெயநாதன் பிரதி அவைத் தலைவரானார்.

அமைச்சர் வாரியத்தின் அமைப்பே இங்கு ஆழ்ந்து நோக்கற்பாலது. அரசியலமைப்பின் 154எஃப் உறுப்புரையின்படி முதலமைச்சரும் நால்வருக்கு மேற்படாத பிற அமைச்சரும் மட்டுமே வாரியத்தில் இடம்பெறலாம். கல்வி கிளிநொச்சியின் த. குருகுலராஜாவுக்கும், விவசாயம் யாழ்ப்பாணத்தின் பொ. ஐங்கரநேசனுக்கும், சுகாதாரம் வவுனியாவின் ப. சத்தியலிங்கத்துக்கும், மீன்பிடியும் போக்குவரத்தும் மன்னாரின் பா. டெனீஸ்வரனுக்கும் உரியனவாயின. முதலமைச்சர் யாழ்ப்பாண மாவட்டத்தில் தெரிவானவர். ஆக, போரின் இறுதி அழிவைச் சுமந்த முல்லைத்தீவுக்கு முதல் வாரியத்தில் அமைச்சர் எவருமில்லை. கூட்டமைப்பின் உறுப்புக் கட்சிகள் அனைத்துக்கும் இடமளிக்கவும் நான்கு பதவிகள் போதவில்லை. முப்பதின்மர் வென்ற பெருவெற்றி ஐந்து நாற்காலிகளில் வந்து ஒடுங்கியது. பின்னாளைய பிணக்குகளின் வித்து இவ்வெண்கணக்கிலேயே இருந்தது எனலாம்.

வாரியத்தின் எல்லைகள் வெளியிலும் குறுகியனவே. நிறைவேற்றதிகாரம் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரிடமே உள்ளது. அமைச்சர் வழியாகவோ நேரடியாகவோ அவர் அதனைச் செலுத்தலாம். சபையின் நியதிச் சட்டங்கள் அவரது இசைவின்றி நடைமுறைக்கு வாரா. பொலிஸ் அதிகாரம் ஏட்டளவிலேயே நின்றது. முதல் ஆளுநர் முன்னாள் இராணுவ அதிகாரி என்பதால் சபை தொடக்கம் முதலே அப்பதவியின் அதிகாரத்தை எதிர்த்துக் குரலெழுப்பியது. 2015 பெப்ரவரி 10இல் நிறைவேற்றப்பட்ட இனப்படுகொலைத் தீர்மானம் அச்சபையின் அரசியற் குரலுக்குச் சான்றாகும்.

எனினும் சபையை உலுக்கிய நெருக்கடி உள்ளிருந்தே எழுந்தது. அமைச்சர் மீதான முறைப்பாடுகளை ஆராய முதலமைச்சர் அமைத்த விசாரணைக் குழு 2017இல் அறிக்கை அளித்தது. அதனையொட்டி, கல்வி, விவசாய அமைச்சர்களைப் பதவி விலகுமாறும், ஏனைய இருவரையும் விடுமுறையில் நிற்குமாறும் யூன் 14இல் அவர் கோரினார். அன்றிரவே 21 உறுப்பினர் கையொப்பமிட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் கையளிக்கப்பட்டது. அதில் முன்னின்றோர் ஆளுந்தரப்பினரே. சில நாள்களில் சமரசம் ஏற்பட்டுப் பிரேரணை கைவிடப்பட்டது. ஆயினும் எவரது அதிகாரத்தைக் குறைக்கவேண்டுமெனச் சபை வாதாடியதோ, அவரது வாயிலையே அச்சபையினர் நாடிச் சென்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் வாரியம் முற்றாக மாறியது. அனந்தி சசிதரன், க. சர்வேஸ்வரன், ஞா. குணசீலன், க. சிவநேசன் ஆகியோர் அமைச்சராயினர். பதவி நீக்கப்பட்ட டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அமைச்சரை நியமிப்பவர், முதலமைச்சரின் ஆலோசனைப்படி, ஆளுநரே என்பது அரசியலமைப்பின் வாசகம். நீக்குபவர் யார் என்பதே வழக்கின் மையம். நியமிக்கும் அதிகாரம் ஆளுநருடையதாகலின் முதலமைச்சர் தாமே நீக்குதல் இயலாது என்னும் நிலைப்பாட்டில் 2018 யூனில் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஐவருக்கு மேற்படக்கூடாத வாரியத்துக்கு இப்போது அறுவர் உரியோராயினர். அவ்வாரியம் சட்டப்படி கூட முடியுமா என்பதே சபையின் இறுதி மாதங்களில் வினாவாயிற்று. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிவுற்றது. 2017இல் தேர்தல் முறை திருத்தப்பட்டதும், புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்ததும் அடுத்த தேர்தலைப் பல்லாண்டுகள் தள்ளிவைத்தன. மாகாண நிருவாகம் ஆளுநரிடமே சென்றது.

இவ்வைந்தாண்டு வரலாறு உணர்த்துவது யாது? எதிரணி மெலிந்த மன்றத்தில் எதிர்ப்பு ஆளுந்தரப்பினுள்ளேயே முளைக்கும். அதனைத் தீர்க்கும் வழி அம்மன்றத்துக்குள்ளேயே இல்லாதபோது தீர்ப்பு வெளியாரிடம் செல்லும். ஒருமுறை ஆளுநரின் வாயிலுக்கும் மறுமுறை நீதிமன்றத்துக்கும் அது சென்றது. இரு முறையும் வலுப்பெற்றது ஆளுநர் பதவியே. உறுப்பினரின் ஒற்றுமையின்மையை மட்டும் குறைகூறுவோர் பாதியுண்மையையே கூறுகின்றனர். சட்டத்தின் குறையை மட்டும் சுட்டுவோரும் அவ்வாறே. தன் அமைச்சரை ஆக்கவும் நீக்கவும் இயலாத மன்றம், எத்துணைப் பெரும்பான்மை பெற்றிருப்பினும், அரைகுறை ஆட்சிமன்றமே. அதிகாரப் பகிர்வு பற்றி எதிர்காலத்தில் ஆராய்வோர் இவ்விரு பாதிகளையும் ஒருங்கே நோக்குதல் கடனாகும்.