கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பெயின்ட் அடிக்கலாமா? வாடையை விட தூசிதான் ஆபத்து!

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, வளைகாப்புக்கு முன்பு வீட்டைப் புதுப்பிப்பது என கர்ப்ப காலத்தில் பெயின்ட் வேலை வருவது சகஜம்தான். "பெயின்ட் வாடை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் எதற்குப் பயப்படணும்?

வாடையால் பாதிப்பா?

இப்போது வரும் பெரும்பாலான வீட்டு பெயின்ட்டுகளால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஆனாலும் முதல் 3 மாதங்களில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகும். அந்த நேரத்தில் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

சுவருக்கு தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பரவாயில்லை. கதவு, கிரில்லுக்கு அடிக்கும் எனாமலும், அதில் ஊற்றும் தின்னரும் தலைவலி, குமட்டலைத் தரலாம். அதன் பக்கம் போக வேண்டாம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டினால்?

பெரிய ஆபத்து இங்கேதான். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயின்ட்டில், குறிப்பாக எனாமலில், ஈயம் அதிகம் இருக்கலாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது தூசியாகப் பறக்கும். தாயின் ரத்தத்தில் கலக்கும் ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிப்பு ஆகியவற்றுக்கு இது காரணமாகலாம்.

என்ன செய்யணும்?

* சுரண்டும் வேலை நடக்கும்போது கர்ப்பிணியும் சின்னக் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.
* பெயின்ட்டை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும்.
* வேலை செய்தவரின் துணியைத் தனியாகத் துவைக்கணும்.
* ஜன்னல்களைத் திறந்து வைத்து, வாடை முழுசாகப் போன பிறகே அந்த அறையில் படுக்கணும்.
* ஸ்டூல், ஏணி மேல் ஏறவே கூடாது. வயிறு பெரிதாகும்போது பேலன்ஸ் தவறும்.

ஏற்கெனவே தூசியில் இருந்துவிட்டால்?

பதற்றம் வேண்டாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தத்தில் ஈயத்தின் அளவை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.