கோப்பைகளைப் பறித்த பதினேழாம் குழி

ஒரு கோல்ஃப் சுற்றுக்கு 18 குழிகள் என்று இன்று உலகம் முழுக்க இருக்கும் வழக்கம், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் வேர்விட்டது. கடலையொட்டிய ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் 1764-ல் 22 குழிகளைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். அந்தப் பதினெட்டில் ஜாம்பவான்களையே கலங்கடித்தது பதினேழாவது. குழி அமைந்திருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனின் ஓரமாகச் சாலை போவதால் அதை ‘ரோடு ஹோல்’ என்பார்கள்.

இங்கே முதல் அடியே கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பதுதான். பந்து விழ வேண்டிய புல்வெளியைக் கருநிறக் கொட்டகைகள் மறைத்து நிற்கின்றன. ஒருகாலத்தில் அங்கே இருந்தவை ரயில்வே கொட்டகைகள். ஊருக்கு ரயில் வருவது 1969-ல் நின்றது. இப்போது நிற்பவை பழைய வடிவிலேயே மறுபடி கட்டியவை. சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் ஓட்டல் பெயரில் ஏதாவது ஓர் எழுத்தைக் குறிவைத்து, அதற்கு மேலாகப் பந்தைப் பறக்கவிடுகிறார்கள். கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம் போனால் பந்து எல்லைக்கு வெளியே. அதற்கு அஞ்சி இடப்பக்கம் ஒதுங்கினால் உயரமான புல்லில் சிக்கும், அடுத்த அடிக்கான கோணமும் கெடும். 2010 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்காகத் தொடக்க இடத்தையும் பின்தள்ளி, நீளத்தை 455 கெஜத்திலிருந்து 495 ஆக்கினார்கள்.

உண்மையான சோதனை இரண்டாவது அடியில் இருக்கிறது. கிரீன் ஒடுங்கலானது, குறுக்காகச் சாய்ந்து கிடப்பது. அதன் முன்புறம் இடப்பக்கத்தில், செங்குத்தான புல் சுவர் கொண்ட மணல்குழி. பின்னால் சாலை, அதற்கப்பால் கற்சுவர். சாலையில் விழுந்த பந்தை எடுத்து வேறிடத்தில் வைக்கச் சலுகை கிடையாது.

1978 ஓபனின் மூன்றாவது சுற்றில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை எட்டிவிட்டார். அடுத்து, பந்தை உருட்டும் மட்டையான பட்டரால் அவர் தட்டிய பந்து சரிவில் திரும்பி மணல்குழிக்குள் உருண்டது. வெளியே எடுக்க நான்கு அடிகள், மொத்தம் ஒன்பது. 1995-ல் இத்தாலியின் கோஸ்டான்டினோ ரோக்காவும் ஜான் டேலியுடன் சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில் இதே மணலில் மூன்று அடிகளைத் தொலைத்துக் கோப்பையைக் கோட்டைவிட்டார்.

டாம் வாட்சனின் கதை இன்னும் வேதனையானது. ஐந்து முறை ஓபன் வென்றிருந்த அவர், 1984-ல் ஆறாவது பட்டத்துக்காக செவ் பாலெஸ்டெரோஸுடன் சமநிலையில் இந்தக் குழிக்கு வந்தார். 2-அயர்ன் மட்டையால் அடித்த பந்து கிரீனைத் தாண்டிப் போய்க் கற்சுவரருகே நின்றது. மட்டையை முழுதாக ஓங்கக்கூட இடமில்லை. அங்கே ஒரு அடி நஷ்டம். முன்னால் ஆடிக்கொண்டிருந்த செவ் பதினெட்டாம் குழியில் ஒரு அடி லாபம் பார்த்துவிட்டார். ஆறாவது பட்டம் வாட்சனுக்குக் கிடைக்கவே இல்லை.

கொடிக்கு நேராகக் குறிவைக்காமல், கிரீனுக்கு முன்பாகவே பந்தை நிறுத்தி, அங்கிருந்து மெல்ல ஏற்றுவதே இங்கே விவேகமான ஆட்டம். அந்த விவேகத்தின் அழகை 2022-ல் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் காட்டினார். கடைசிச் சுற்றில் அவர் பந்துக்கும் கொடிக்கும் நடுவே அதே மணல்குழி. தூக்கி அடிக்க ஆசைப்படாமல் பட்டரை எடுத்தார். மணல்குழியைச் சுற்றி வளைந்து மேடேறும்படி தட்டினார். மிச்சமிருந்த சுமார் பத்தடி தூரத்தையும் தவறவிடாமல் நான்கில் முடித்தார். அந்த 150-வது ஓபனை அவர் வென்றது ஒரே ஒரு அடி வித்தியாசத்தில்.