கடாரத்துச் சாலையில் இரண்டு நாள்



நண்பர் ஒருவர் ஐரோப்பாவில் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்து, பழைய சிற்றூர்களில் தங்கித் தங்கிச் சுற்றிவந்த படங்களை அனுப்பியிருந்தார். கல் பாவிய தெருக்கள், பாசி படர்ந்த மதில்கள், நூற்றாண்டுகள் கடந்த தேவாலயங்கள். அவற்றைப் பார்த்த என் மகன், "நம் பக்கம் இப்படிப் பழைய ஊர் ஒன்றும் இல்லையா அப்பா?" என்று கேட்டான். நாங்கள் குடியிருப்பது சுங்கைப்பட்டாணியில். எங்கள் வாசலில் நின்றால் குனோங் ஜெராய் தெரியும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே அவன் அப்படிக் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது.

பிழை அவனுடையதன்று. வகுப்பில் கடாரம் என்றதும் நாம் கற்பிப்பது ஒரே வரி: இராசேந்திர சோழன் கடாரம் வென்றான். தேர்விலும் அதே கேள்வி, அதே விடை. அந்தக் கடாரம் தாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் மண்தான் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது. ஆகவே பள்ளி விடுமுறையில் ஒரு வேனை ஏற்பாடு செய்து, பாய், போர்வை, சிறிய கேஸ் அடுப்பு, கட்டுச்சோறு ஆகியவற்றுடன் புறப்பட்டோம். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த என் தாயாரும் உடன் வந்தார்.

முதலில் சுங்கை பத்து. செம்பனைத் தோட்டத்தின் நடுவே அகழ்வாய்வுக் குழிகளும் அவற்றின் மேல் கூரைகளும் தெரிந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழுவினர் 2009 முதல் இங்கே அகழ்ந்து வந்துள்ளனர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்கள், செங்கல் மேடைகள், படகுத்துறையின் அடையாளங்கள் கிடைத்துள்ளன. இதன் காலத்தைக் கிறித்துவுக்கு முன் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டு செல்வோரும் உளர். அதை ஏற்காத அறிஞரும் உளர். மாணவரிடம் அந்த எண்ணை மட்டும் முழங்கிவிட்டு வருவதைவிட, இங்கே இரும்பு உருக்கி ஏற்றுமதி செய்த மக்கள் வாழ்ந்தனர் என்று குழாயைக் காட்டிச் சொல்வது போதும் என்பது என் கருத்து. என் மகன் வரிசையாகக் கிடந்த குழாய்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான்.

இங்கே ஏன் துறைமுகம் அமைந்தது என்பதற்கு விடை அந்த மலைதான். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய், வங்கக் கடலைக் கடந்துவரும் மாலுமிக்குத் தொலைவிலேயே கண்ணில் படும். அக்காலத்தில் கடலும் இன்றைக்கு இருப்பதைவிட நிலத்துக்குள் நெருங்கிக் கிடந்தது. ஒரு பருவக்காற்றில் வந்தவர் மறுகாற்று வீசும்வரை தங்கியாக வேண்டும். தங்கியவர்க்குச் சோறும் நீரும் வழிபடும் இடமும் தேவைப்பட்டன. 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி யீஜிங், இந்தியாவுக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கிச் சென்றார். பட்டினப்பாலை பூம்புகார்ச் சந்தையில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்தையும் குறிக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைக் கடாரம் என்றே கொண்டார்.

மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் கோயில் எச்சத்தின்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அருகே ஓடை சலசலக்கிறது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் துணைவியாரும் இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து, கண்ட இடங்களுக்கு ஒன்று, இரண்டு என எண் இட்டனர். இது 8ஆம் எண். பின்னர் அலஸ்டர் லேம்ப் என்பார் 1959, 1960-இல் சிதறிய கற்களை அடுக்கி இதை மீட்டெடுத்தார். கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அமைப்பு நம் கோயிலை நினைவூட்டும். ஆனால் மேலே கற்கூரை இல்லை. தூண் நட்ட கற்களில் குழிகள் மட்டும் உள்ளன. மரத்தூண் நிறுத்தி, அழியக்கூடிய கூரை வேய்ந்திருக்கிறார்கள். வந்த வணிகரின் வழிபாடும் இம்மண்ணின் தச்சரது கைத்திறனும் கலந்து எழுந்த கட்டடம் இது. சோழன் கட்டிய கோயில் என்று நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்குச் சான்று இல்லை. இப்பள்ளத்தாக்கின் கோயில்களில் சைவச் சார்புடையனவும் உண்டு, பௌத்தச் சார்புடையனவும் உண்டு. அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பெண்டியாட், பெண்டாங் டாலாம் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைத்த எச்சங்களையும் காணலாம்.

சோழருக்கும் கடாரத்துக்கும் இருந்த உறவு ஒரு படையெடுப்போடு முடிவதன்று. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதை முடித்தான். இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்தியவன் அவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன்தான் 1025-இல் கப்பற்படை அனுப்பினான். தஞ்சைக் கல்வெட்டின் நீண்ட பட்டியலில் இறுதியாக நிற்பது கடாரம். பின்னர் முதற் குலோத்துங்கன் காலத்தில், 1090-இல், கடாரத்தரசன் வேண்டிக்கொண்டபடி அதே விகாரத்து உரிமைகள் மீண்டும் உறுதி செய்யப்பட்டன. நட்பு, போர், மறுபடியும் நட்பு. இதை வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வெற்றியை மட்டும் சொல்லும்போது, நம்முடன் அமர்ந்து படிக்கும் மலாய், சீனப் பிள்ளைகளிடம் இது உங்கள் ஊரின் கதையும்தான் என்று சொல்லும் வாய்ப்பை இழக்கிறோம்.

அன்றிரவு தஞ்சோங் டாவாயில் ஆற்று முகத்துவாரம் அருகே வேனை நிறுத்தி, அடுப்பில் நெத்திலிக் குழம்பு வைத்தோம். தாயார் வேனுக்குள் படுக்க ஒப்பவில்லை. வெளியே சாய்வு நாற்காலியிலேயே விடியும்வரை இருந்தார்.

அப்போதுதான் மகனிடம் 11ஆம் எண் தளத்தைப் பற்றிச் சொன்னேன். வேல்ஸ் எண்ணிட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்று செய்திகள் குறிப்பிட்ட அந்தக் கோயில் அடித்தளம், வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இயந்திரத்தால் தகர்க்கப்பட்டது. 2013 டிசம்பரில்தான் வெளியுலகம் அறிந்தது. நிலம் தனியாருடையது, தளம் அரசிதழில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், பட்டியலில் ஏறாத செங்கல்லுக்கு அது அரணாகவில்லை.

இதைக் கேட்டுக் கொதிப்பவர் நாகப்பட்டினத்தையும் மறக்கலாகாது. அங்கே பழைய செங்கற் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கடாரத்தரசரின் விகாரத்தோடு தொடர்புடையதாகவே அதைக் கருதுகின்றனர். 1867-இல் அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. கடலின் இருகரையிலும் இடித்தவர் வேறு, காரணம் வேறு.

மறுநாள் பீடோங் சாலை. இது தாயாரின் பகுதி. நான் வாய்மூடி ஓட்டினேன். 1909-இல் கெடா ஆங்கிலேயர் செல்வாக்குக்கு உட்பட்டபின் இவ்வட்டாரக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. கங்காணிகள் ஊரூராகச் சென்று ஆள் திரட்டினர். 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கில் இறக்கியது. விகாரம் நின்ற அதே நாகப்பட்டினம்தான். வந்தவர் இம்முறை வணிகர் அல்லர், கூலிகள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. ஜப்பானியர் காலத்தில் இத்தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் பலர் திரும்பவில்லை. தாயாரின் பெரியப்பாவும் அவருள் ஒருவர்.

ஹார்வார்ட் தோட்டத்தை நெருங்கியபோது, தம் தந்தையார் சொன்ன தொண்டர் படைக் கதையைத் தாயார் எடுத்தார். போருக்குப்பின் ஏ. எம். சாமி தலைமையில் இத்தோட்டத்தில் எழுந்த இயக்கம் அது. கூலிப்பணம் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்டு, இளைஞர் அணிவகுத்துக் கடைவாசலில் மறியல் செய்தனர். 1947-இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் காவல்துறையுடன் மோதல்கள் நிகழ்ந்தன, உயிர்கள் போயின. இயக்கம் ஒடுக்கப்பட்டது. நம் பாடநூலில் இதற்கு எத்தனை வரி என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.

தாயார் பிறந்த தோட்டம் இன்று வரிசை வரிசையான வீடுகள். எந்தத் திருப்பம் என்று தெரியாமல் மூன்று முறை சுற்றினோம். ஒரு முனியாண்டி கோயிலும் அதையொட்டிய புளியமரமும் தென்பட்டதும் வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டுக் கையை நீட்டி, "அதோ, பெரட்டுக் கொட்டகை. இந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை. அதற்குப் பின்னால் கிராணி வீடு" என்றார். நீட்டிய இடங்களில் மகிழுந்துகள் நின்றுகொண்டிருந்தன.

"உங்க வீடு எது பாட்டி?" என்று மகன் கேட்டான்.

"ஏழாவது லயம், மூணாவது கதவு."

முதல்நாள் 8ஆம் எண், 11ஆம் எண் என்று குறித்து வைத்திருந்த அதே ஏட்டில், அதற்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டான். பிறகு, ஏழுக்கு முந்திய ஆறு லயங்களிலும் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கத் தொடங்கினான். வீடு திரும்ப இருட்டிவிட்டது.