மரக் கண்ணாடிச் சட்டம்

மரக் கண்ணாடிச் சட்டம் என்பது முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாங்கி நிற்கும் வேலைப்பாடு. பின்புறம் வெட்டிய காடியில், அதாவது படிபோன்ற பள்ளத்தில், கண்ணாடி பதிய, முகப்பு கடைசலாலோ செதுக்கு வேலையாலோ அழகு பெறுகிறது. ஐரோப்பாவில் இவ்விரு முறைகளுள் எது எப்போது ஓங்கியது என்பதைத் தச்சரின் விருப்பத்தைவிடக் கண்ணாடியின் வடிவும் விலையுமே பெரிதும் தீர்மானித்தன.

தொடக்கக் காலக் கண்ணாடிகள் ஊதிய கோளத்திலிருந்து வெட்டப்பட்டதால் வட்டமாகவும் புடைத்தும் இருந்தன. யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய அர்னால்பினி ஓவியத்தில், பத்துச் சிறு வட்டச் சித்திரங்கள் சூழ்ந்த அத்தகைய கண்ணாடி ஒன்று காணப்படுகிறது. வட்டச் சட்டத்திற்குக் கடைசலே இயல்பான வழி. வெனிசைச் சேர்ந்த முரானோவில் வெள்ளீயமும் பாதரசமும் ஏற்றிய தட்டைக் கண்ணாடி 16ஆம் நூற்றாண்டில் பெருகியபின் செவ்வகச் சட்டம் ஓங்கி, வேலை செதுக்குவோர் கைக்கு மாறியது. சுருள்களும் முகமூடிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வெனிசு நகரச் சட்டங்கள், கட்டடக் கலைஞர் சன்சோவினோவின் பெயரால் இன்றும் அறியப்படுகின்றன.

இங்கிலாந்தில் 1671-இல் நாட்குறிப்பாளர் ஜான் எவ்லினால் கண்டறியப்பட்ட கிரின்லிங் கிப்பன்ஸ், வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் கொண்டு எத்திசையிலும் பிசிறின்றி வெட்டுப்படும் லிண்டன் மரத்தில் மலர்க்கொத்துகளைச் செதுக்கினார். தாமஸ் சிப்பன்டேல் 1754-இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகம் இக்கலையில் ரொக்கோகோ பாணியைப் பரப்பியது. இத்தகைய சட்டங்களில் செதுக்கி முடித்த மரம் பாதி வேலையே. சீமைச் சுண்ணாம்புத் தூளை வச்சிரப் பசையில் குழைத்துப் பல பூச்சுகள் ஏற்றுவர். அதனால் தூர்ந்துபோன நரம்புகளையும் இதழ் விளிம்புகளையும் சிற்றுளியால் மீண்டும் கீறி எடுத்து, நயமான செங்களிமண் தடவி, தங்க ரேக்கை ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். பொன்னின் பொலிவைப் புகழ்வோர் இந்த இரண்டாம் செதுக்கலைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுண்ணத்தூள், பசை, ஆளிவிதை எண்ணெய், பிசின் ஆகியவற்றைப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுக்கும் அலங்காரங்கள் பரவியதால், செதுக்குவோர் பலர் மரச் சட்டத்தை விட்டு அச்சுக் கட்டைகளைத் தலைகீழ் உருவில் குடைபவராயினர்.

கடைசல் மீண்டும் முன்னுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், குறிப்பாக அமெரிக்காவின் நடுத்தர வீடுகளில். பெரிய ஒற்றைக் கண்ணாடியின் விலை மிகுதியாதலால், மேற்பகுதியில் பின்புறம் ஓவியம் தீட்டிய தனிக் கண்ணாடியைப் பதித்தனர். பக்கங்களில் அரைத்தூண்களை ஒட்டினர். அரைத்தூணுக்கு, இரண்டு கட்டைகளை நடுவே காகிதம் வைத்துப் பசையால் ஒட்டி, முழுத்தூணாகக் கடைந்து, பின்னர் பொருத்துவாயில் உளியை வைத்துத் தட்டுவர். காகிதம் கிழிந்து, தட்டையான முதுகுடைய இரு பாதிகள் ஒரே அச்சாகக் கிடைக்கும். மூலைகளில் சதுரக் கட்டைகளைப் பொருத்தியதால், தூண்களின் முனைகளைச் சாய்த்து வெட்டி இணைக்கும் கடினமான வேலையும் தேவைப்படவில்லை.