பரேலின் பாலம்

மும்பையில் ஒருவரின் முகவரி பெரும்பாலும் இரயில் நிலையத்தின் பெயரும் ஒரு திசையுமாகவே அமையும்: அந்தேரி கிழக்கு, போரிவலி மேற்கு. தண்டவாளத்தின் எப்பக்கம் என்பதையே அத்திசை சுட்டும். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் இரயில் ஏறத்தாழ 400 விருந்தினருக்கானது. 1925 பிப்ரவரி 3 முதல் மின்சார இரயில்களும் ஓடத் தொடங்கின.

ஆயினும் பரேலின் பஞ்சாலைத் தொழிலாளருள் பலருக்கு இரயிலே தேவைப்படவில்லை. ஆலையை ஒட்டிய ஒற்றையறைக் குடியிருப்புகளிலிருந்து அவர்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் ஊழியர்களோ தொலைவிலிருந்து இரயிலில் வந்திறங்குவோர். நிலத்தின் விலையைக் கணக்கிட்டவர்கள் நிலையத்தின் படிக்கட்டைக் கணக்கிடவில்லை. பரேலையும் எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தையும் இணைத்த குறுகிய நடைமேம்பாலம் ஆலைக்காலத்து அகலத்திலேயே நின்றது. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கியோரும் இரயிலிலிருந்து இறங்கியோரும் அதன் படிகளில் நெருக்குண்டதில் 23 பேர் மாண்டனர். அங்கே இராணுவம் கட்டிய புதிய பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, ஐந்தே மாதங்களில்.