புரதத்தின் வடிவம் கண்ட வரலாறு

மனித சரீரத்தில் நிகழும் ஜீவகாரியங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவை புரதங்களே. பிராணவாயுவை இரத்தத்தின் வழியே சுமந்து செல்வதும், உண்ட உணவைச் செரிக்கச் செய்வதும், தோலுக்கும் எலும்புக்கும் உறுதி அளிப்பதும் அவற்றின் தொழில். இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலியாகத் தோன்றும் புரதம், தனக்கே உரிய முறையில் மடிந்து சுருண்டு ஒரு வடிவத்தை அடைந்த பிறகே பெரும்பாலும் தன் தொழிலுக்குத் தகுதி பெறுகிறது. நோயின் மூலத்தையும் மருந்து செயற்படும் விதத்தையும் ஆராய்வோருக்கு அந்த வடிவத்தைப் பற்றிய ஞானம் இன்றியமையாதது. இன்று செயற்கை நுண்ணறிவு அதனை விரைவிலேயே கணித்துத் தருவதைக் கண்டு வியப்பவர்கள், அந்த விரைவைச் சாத்தியமாக்கிய நெடுங்கால உழைப்பின் சரித்திரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறிய கதிர்கள் படத்தகட்டில் பதிக்கும் புள்ளிகளை அளந்து, அந்த அளவுகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவதே முன்னோடிகள் கையாண்ட முறை. 1937இல் கேம்பிரிட்ஜில் ஹீமோகுளோபினை ஆராயத் தொடங்கிய மாக்ஸ் பெருட்ஸுக்கு, அதன் உருவத்தைக் காண ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அவருடைய சகாவான ஜான் கெண்ட்ரூ, அதைவிடச் சிறிய மயோகுளோபினின் வடிவத்தை 1958இல் வெளியிட்டார். 1962இல் இருவரும் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே காலத்தில் சென்னையிலும் இவ்வேள்வி நடந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்ற ஜி. என். ராமச்சந்திரன், தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்; அதற்குரிய பொருளை அண்மையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அளித்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது மூன்று சங்கிலிகள் இணைந்த அமைப்பு என்று 1954இல் வெளியிட்டு, மறு ஆண்டே அந்த அமைப்பைத் திருத்தி, மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டவை என நிறுவினார். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்ற ஆட்சேபம் மேனாட்டு அறிஞர்களிடமிருந்து எழுந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்வியையே அவர் ஆராயப் புகுந்தார். சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் துணைநிற்க, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள இரு திருப்புக் கோணங்களில் எவை இயலும், எவை இயலா என்று கணித்து அவர் 1963இல் வெளியிட்ட வரைபடம், இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது.

அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், குலைத்துவிட்ட புரதம் தானாகவே பழைய வடிவத்தை அடைவதைக் காட்டி, வடிவத்தின் இரகசியம் அமிலங்களின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று நிரூபித்தார். ஆனால் இயலும் மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதானால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது என்று சைரஸ் லெவிந்தால் எடுத்துக்காட்டினார். இதற்கிடையே, 1971இல் ஏழே வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி, உலகத்து ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்தவற்றையெல்லாம் எவரும் எடுத்தாளும்படி சேகரித்து வந்தது. கணிப்பு முறைகளின் தரத்தை நடுநிலையோடு சோதிக்க, விடை வெளியாகாத புரதங்களைக் கொடுத்து ஈராண்டுக்கொருமுறை நடக்கும் போட்டி ஒன்றும் 1994இல் ஆரம்பமாயிற்று.

அந்தப் போட்டியில்தான் 2018இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு முதலிடம் பெற்றது. 2020இல் அதன் புதிய அமைப்பு, பல புரதங்களில் சோதனைக்கூட முடிவுகளோடு ஒப்பிடத்தக்க துல்லியத்தை எட்டியது. தரவு வங்கியில் குவிந்திருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களே அதற்குப் பாடநூலாயின; பல உயிரினங்களின் ஒத்த வரிசைகளை ஒப்பிட்டு, எந்த அமிலங்கள் சேர்ந்தே மாறி வந்துள்ளன என்பதையும் அது கற்றது. 2022க்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் யாவருக்கும் இலவசமாகக் கிடைத்தன. 2024ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசில் ஒரு பாதியை டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் இதற்காகப் பெற்றனர். மறுபாதி, இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரைச் சேர்ந்தது.

ஆயினும் கணிப்பு என்பது பரிசோதனைக்கு மாற்று ஆகிவிடாது. தன் கணிப்பில் எப்பகுதி நம்பத்தக்கது, எப்பகுதி ஐயத்துக்குரியது என்பதை அந்த அமைப்பே மதிப்பிட்டுக் கூறுகிறது. புரதங்கள் அசைந்து உருமாறும் விதத்தை ஒற்றை வடிவம் முழுமையாக உணர்த்தாது. மருந்தென்று கருதப்படும் பொருளின் குணத்தை ஆய்வுக்கூடமும் நோயாளியின் உடலுமே தீர்மானிக்கின்றன. கணித்த வடிவம் இயற்கைக்குப் பொருந்துமா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் பயன்படுகிறது. பல்லாண்டுகள் பொறுமையோடு அளந்தவர்களும், அளந்ததை மறைக்காமல் உலகுக்குக் கொடுத்தவர்களும் சேர்த்துவைத்த செல்வத்துக்கே இந்த யந்திரம் வாரிசாக வந்திருக்கிறது. ஆகவே, புதிய யந்திரங்களுக்குப் பொருளை வாரி வழங்கும் அரசுகளும் நிறுவனங்களும், பயன் உடனே தெரியாத அடிப்படை ஆராய்ச்சியையும், அதன் முடிவுகளைப் பொதுவில் வைக்கும் வழக்கத்தையும் அதே அக்கறையோடு பேணுவது கடமை. இவ்விரண்டும் தளர்ந்தால் நாளைய யந்திரம் கற்பதற்குப் புதிய உண்மை எதுவும் இராது.