வீடு ஒரு ஊரில், வேலை வேறு ஊரில்: ‘ரிசர்வ்’ பைலட்கள் எப்படிச் சமாளிக்கிறாங்க?

2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோதுதான், பைலட்டோட ஓய்வுக்கு இவ்வளவு கறாரான கணக்கு இருக்குன்னு நம்மில் பலருக்குத் தெரிஞ்சது. அந்தக் கணக்கில் பெரிசா பேசப்படாத ஒரு பகுதி, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பயணம். அமெரிக்காவில் இது பெரிய விஷயம். அங்கே பல பைலட்கள் ஆபீஸுக்கு வர்றதே விமானத்தில்தான்.

ரிசர்வ்னா என்ன?

யாருக்காவது உடம்பு சரியில்லை, எங்கேயோ விமானம் தாமதம்னா, அந்த இடத்தை நிரப்பத் தயாராக இருப்பவர்தான் ரிசர்வ் பைலட். எந்த ஊருக்குப் பறக்கப் போறோம், பறப்போமா இல்லையா என்பதே ஃபோன் வந்தால்தான் தெரியும். பேஸ், ஷெட்யூல் எல்லாத்தையும் சீனியாரிட்டி முடிவு செய்வதால், பெரும்பாலும் புதுசா சேர்ந்தவங்களுக்கே ரிசர்வ் வரும்.

ஏன் பேஸ் இருக்கும் ஊருக்கே குடிபோகலை?

நியூயார்க் மாதிரி ஊரில் வாடகை அதிகம். துணைவரின் வேலை, குழந்தைகளின் பள்ளி எல்லாம் வேறு ஊரில் இருக்கும். பேஸும் மாறலாம்.

ஷார்ட் கால், லாங் கால்: என்ன வித்தியாசம்?

2014 ஜனவரியில் அமலான அமெரிக்க விதிப்படி, ஷார்ட் காலில் ஒரு பைலட் தொடர்ந்து அதிகபட்சம் 14 மணி நேரம் அழைப்புக்குத் தயாராக இருக்கணும். அழைப்பு வந்தால் சில மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்கணும். வீடு ஆர்லாண்டோவில், பேஸ் நியூயார்க்கில், ரிசர்வ் காலை 6 மணிக்குத் தொடங்குதுன்னு வெச்சுக்குங்க. முந்தைய நாளே நியூயார்க் போய்ச் சேர்ந்தாகணும்.

லாங் காலில் வீட்டிலேயே இருக்கலாம். அழைப்புக்குப் பிறகு, பணி தொடங்கும் முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு உண்டு. சிக்கலே இங்கேதான். பேஸுக்கு வரும் பயணம் பணி நேரத்தில் சேராது. அது பைலட்டோட சொந்த நேரம். பயணத்துக்கே 5 மணி நேரம் போனால், காகிதத்தில் 10 மணி நேரமாக இருக்கும் ஓய்வு நிஜத்தில் பாதிதான்.

எப்படித் திட்டமிடுறாங்க?

• ரிசர்வ் நாட்கள் தொடர்ச்சியாக வரும்படி கேட்டு வாங்குவாங்க. ஒரு தடவை வந்து போனால் போதும்.

• கடைசி விமானத்தை நம்ப மாட்டாங்க. இலவசப் பயணத்தில் சீட் உறுதி கிடையாது. காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கையான ‘ஜம்ப் சீட்’டுக்கும் அந்த விமானத்தின் கேப்டன் சம்மதிக்கணும். அதனால் முதல் விமானத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பிடிக்கிற மாதிரி கிளம்புவாங்க.

• ‘க்ராஷ் பேட்’ எடுப்பாங்க. அதாவது, பல பேர் பங்கிட்டுக்கிற, பங்க் பெட் போட்ட வீடு. நியூயார்க்கில் விமான ஊழியர்கள் நிறைய பேர் தங்கும் கியூ கார்டன்ஸ் பகுதிக்கு ‘க்ரூ கார்டன்ஸ்’னே செல்லப்பெயர்.

பயணிகளுக்கு இதில் என்ன?

2009 பிப்ரவரி 12 அன்று நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தாங்க. விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்றது விசாரணை. துணை விமானி முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வந்திருந்தார். கேப்டன் ஊழியர் அறையில்தான் இரவைக் கழித்திருந்தார். இருவரும் களைப்பில் இருந்திருக்கலாம், ஆனால் விபத்தில் அதன் பங்கை உறுதியாக அளவிட முடியவில்லை என்றும் அறிக்கை சொன்னது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் ஓய்வு விதிகள் இறுகின. பறக்கத் தகுதியான நிலையில் இருக்கேன்னு ஒவ்வொரு விமானத்துக்கு முன்னாலும் பைலட் இப்போ எழுத்தில் உறுதி தரணும். ஆனா வீட்டிலிருந்து எப்போ கிளம்பணும், எங்கே தூங்கணும் என்பதை எந்த விதியும் அவருக்காக முடிவு செய்யாது. ஒரு நாள் முன்னாடியே கிளம்பினால் அவர் இழப்பது வீட்டில் ஒரு ராத்திரி. கிளம்பாமல் விட்டால், அந்தக் களைப்பு அவரோடு சேர்ந்து காக்பிட்டுக்குள் ஏறும்.